யார் முதலில் கிளம்புவது

டாமரக் ஏரிக்குள் வண்டி இறங்க வேண்டுமென்றால் சிக்னியைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். தார்ச்சாலை முடிந்து பனித்தளம் தொடங்குகிற இடத்தில், தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வழியை மறித்துக் கட்டிய சங்கிலிக்குப் பக்கத்தில் நிற்பாள். குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியின் மேல் சாலை போட்டுக் காப்பவள் அவள்தான். விடிந்ததும் பனியில் துளை போட்டு, கொக்கிக் கோலை உள்ளே விட்டுக் கனம் பார்த்து, விரிசல் விட்ட இடத்தில் மரப்பாலத்தை இழுத்துப் போட்ட பிறகுதான் சங்கிலியை அவிழ்ப்பாள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஷெரீப்பே ஒருமுறை வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்.

அந்த ஜனவரிக் காலையில் சங்கிலிக்கு முன்னால் வந்து நின்றது வெர்லினின் பிக்கப் வண்டி. வெர்லின் வேறு யாருமில்லை, சிக்னியின் அக்கா மார்லிஸைக் கட்டியவன். வண்டிக்குப் பின்னால் வெள்ளையும் பச்சையுமாக, படுக்கையும் அடுப்பும் வைத்த ஒரு டிரெய்லர் தொங்கிக்கொண்டு வந்திருந்தது. முன்சீட்டில் போர்வைக்குள் மார்லிஸ். பனிமேல் ஏறும்போது செய்கிறபடி இருவரும் சீட்பெல்ட்டை அவிழ்த்து, ஜன்னல் கண்ணாடிகளை இறக்கித் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். பனி உடைந்தால் வெளியே வர வழி வேண்டுமே.

"பின்னாடி என்னது அது?" என்றாள் சிக்னி.

"டிரெய்லர்."

"எனக்குக் கண்ணு தெரியுது வெர்லின். கோடையில மலைக்கு இழுத்துட்டுப் போற டிரெய்லருக்குப் பனியில என்ன வேலைன்னு கேட்டேன்."

"தூண்டில் விடத் தரையில ஓட்டை போட்டிருக்கேன். அடியில பஞ்சு அடைச்சிருக்கேன். சூடு நிக்குது. நீயே வந்து பாரு."

சிக்னி பார்க்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கவலை வெர்லினுக்குத் தெரியாததல்ல. மீன்பிடிக்கென்றே செய்த சக்கர வீடுகள் இருக்கின்றனவே, அவற்றைக் கொண்டுபோய் நிறுத்தியதும் சக்கரத்தை மேலே தூக்கிவிட்டால் வீடு பனிமேல் தட்டையாகப் படுத்துவிடும். பாரம் பரவிவிடும். இந்தக் கோடை டிரெய்லர் அப்படிப் படுக்காது. கொக்கு மாதிரி கால் மேலேயே நிற்கும், மொத்தப் பாரமும் டயர் படுகிற இடத்தில் இறங்கும். ஒரே இடத்தில் பாரம் நின்றால் பனி மெல்ல மெல்லக் குழியும். குழிந்த பனி எப்போது கோபித்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது.

"வேண்டாம் வெர்லின். எடுத்துட்டுப் போ."

அப்போதுதான் மார்லிஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"அடியே சிக்னி, எனக்கு ஒரு நாற்காலி நுழையற வாசல் வேணும். அவ்வளவுதான். பனிமேல நீங்க மீன்பிடிக்கப் போடற கூடாரத்துல நான் நுழைய முடியுமா? கேலனோட குடிசையில நுழைய முடியுமா? மூணு குளிர்காலம் ஜன்னல்ல உக்காந்து எல்லாரும் ஏரிக்குப் போறதை வேடிக்கை பார்த்தாச்சு."

இடுப்பு எலும்பு போனதிலிருந்து மார்லிஸுக்குச் சக்கர நாற்காலிதான் கால். அதற்கு முன் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அந்த வட்டாரத்தில் ஐம்பதுக்குக் கீழே இருக்கிறவர்களில் பாதிப் பேரை, மூக்கு ஒழுகிய வயதிலிருந்து மீசை முளைத்த வயது வரை, அவள்தான் ஏற்றி இறக்கியிருக்கிறாள். ஏரி என்றால் அவளுக்கு மீன் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரோடு உட்கார்ந்து, காபியைக் குடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசுவது. அது நின்றதிலிருந்து அவள் பேச்சே குறைந்துபோயிற்று. வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் வெர்லின் ரம்பத்தை எடுத்து டிரெய்லரின் தரையில் ஓட்டை போட்டான்.

சிக்னி பெருமூச்சு விட்டாள். அது வாயிலிருந்து வெள்ளையாக வந்தது. பிறகு பனியில் மல்லாந்து படுத்து டிரெய்லருக்கு அடியில் நுழைந்தாள். கொஞ்ச நேரம் அவளுடைய பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. வெளியே வந்து உள்ளே ஏறினாள். தரைக்கும் பனிக்கும் இடையில் குளிர்காற்று புகாமலிருக்க, அடி அறுத்த பிளாஸ்டிக் வாளிகளை ஓட்டைகளில் செருகியிருந்தான் வெர்லின். அதைப் பார்த்ததும் அவள் உதடு கொஞ்சம் இளகியது. விஷவாயு அலாரத்தை அழுத்திக் கத்தவிட்டாள். அடுப்புப் புகை போகிற குழாய்க்குள் விரலை விட்டாள்.

"சக்கரத்துக்கு அடியில நீளப் பலகை போடணும். பனியை வாரி அடியை மூடறேன்னு இந்தக் குழாயை மூடினே, ரெண்டு பேரும் தூக்கத்துலயே போயிடுவீங்க. அப்புறம், நல்லா கேட்டுக்கோ, இழுக்கற உன் வண்டியைத் தவிர பக்கத்துல ஒரு வண்டி நிக்கக் கூடாது. ஒரே ஒரு வண்டி கூட. ஓட்டைக்குள்ள தண்ணி எவ்வளவு கீழே நிக்குதுன்னு பார்த்துக்கிட்டே இரு. அது மேலே வந்து வழிஞ்சா பனி குழியுதுன்னு அர்த்தம். உடனே இடத்தை மாத்து. கூச்சப்படாதே."

"நான் எதுக்குக் கூச்சப்படப் போறேன்?" என்றான் வெர்லின்.

சிக்னி அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சங்கிலியை அவிழ்த்தாள்.

எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பனியைத் தெரியும், காற்றைத் தெரியும். வெள்ளைப் பனி ஏமாற்றும், கறுப்புப் பனி தாங்கும் என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஒருவரை முகத்துக்கு நேரே 'போ' என்று சொல்லத் தெரியாது. விருந்துக்குப் போன இடத்தில் முதலில் எழுந்திருப்பவன் மட்டமானவன். எழுந்தாலும் வாசலில் நின்று அரை மணி பேசாமல் போகிறவன் அதைவிட மட்டம். தட்டில் கடைசித் துண்டு இருந்தால் அது காய்ந்து கருவாடாகும் வரை ஆளாளுக்கு மற்றவரை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இந்தப் பெருந்தன்மையை வைத்துக்கொண்டு நாங்கள் இத்தனை நாள் உயிரோடு இருப்பதே அதிசயம்.

சனிக்கிழமை வந்தது. மார்லிஸ் ஏரியில் இருக்கிறாள் என்ற செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. முதலில் வந்தவன் பெட்ரோல் பங்க் கேலன். இருக்கிறதிலேயே பெரிய பிக்கப் வண்டி அவனுடையது, இருக்கிறதிலேயே பெரிய சிரிப்பும் அவனுடையதுதான். டிரெய்லரை ஒட்டினாற்போல் வண்டியை நிறுத்திவிட்டு எண்ணெய்ச் சட்டியையும் அடுப்பையும் இறக்கினான்.

"தள்ளி நிறுத்தேன் கேலன்" என்று சொல்ல வெர்லின் வாயைத் திறந்தான். கேலன் அதற்குள் உள்ளே போய் மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, உன் பஸ்ல நான் ஒட்டின பபிள்கம் இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டான். மார்லிஸ் சிரித்தாள். மூன்று குளிர்காலமாக வெர்லின் கேட்காத சிரிப்பு அது. வாயை மூடிக்கொண்டான்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் கிழவி, அஞ்சல்காரர் குடும்பம், மரம் அறுக்கும் ஆலைக்காரர்கள். ஒருத்தி உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் அடுக்கிச் சுட்ட தட்டோடு வந்தாள், இன்னொருத்தி லெஃப்சே ரொட்டியில் சர்க்கரை தூவிச் சுருட்டிக் கொண்டுவந்தாள். வந்தவர்களெல்லாம் நாலடி நடக்கக் கூடாதென்று டிரெய்லரைச் சுற்றியே வண்டியை நிறுத்தினார்கள். உள்ளே நிற்க இடமில்லை. நடுவில் மார்லிஸ் ராணி மாதிரி உட்கார்ந்து, தூண்டிலை ஓட்டைக்குள் விட்டுவிட்டு, யார் பிள்ளை எங்கே படிக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. வெர்லினுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

காபிக் கெட்டிலை நிரப்பக் குனிந்தபோதுதான் அவன் வாளியைப் பார்த்தான். காலையில் பனியின் விளிம்புக்கு ஒரு கையகலம் கீழே நின்ற தண்ணீர் இப்போது விளிம்பைத் தாண்டி வாளிக்குள் ஏறியிருந்தது. கதவைத் திறந்து வெளியே பார்த்தான். சக்கரத்தைச் சுற்றி வெண்பனி சாம்பல் நிறமாகி நனைந்திருந்தது.

அவன் மட்டும் பார்க்கவில்லை. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் ஈரப் பூட்ஸை மிதியடியில் அழுத்தி அழுத்தித் துடைத்தார்கள். எல்லாரும் அந்த ஏரியிலேயே வளர்ந்தவர்கள், ஈரத்துக்கு அர்த்தம் தெரியாதவர்கள் ஒருவருமில்லை.

"கொஞ்சம் ஈரமா இருக்கு இல்ல?" என்றார் அஞ்சல்காரர், யாரிடமும் இல்லாமல்.

"ஆமாமா. வெயில் அடிக்குது பாருங்க" என்றான் ஆலைக்காரன் ஒருவன்.

வெயிலாம்! மீசையில் உறைந்த மூச்சுக்காற்று உதிராத குளிர் அது.

"நாங்க வேணா கிளம்பட்டுமா?" என்றாள் ஆர்கன் கிழவி.

"ஐயோ, இப்பத்தானே வந்தீங்க! கேலன் இப்பத்தான் மீனைச் சட்டியில போட்டிருக்கான்" என்றான் வெர்லின். சொன்னதும் அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சொல்லிவிட்டான். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் எப்படிக் கிளம்புவார்கள்?

சிக்னி அப்போது ஏரியின் மறுகோடியில் புதிதாக விட்ட ஒரு விரிசலுக்குப் பாலம் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது தூரத்திலேயே கண்டுவிட்டாள், சர்க்கரைக் கட்டியைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி வண்டிகள். தன் பனிவண்டியை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். ஓடவில்லை. சக்கரத்தைப் பார்த்தாள், கதவைத் திறந்தாள்.

"எல்லாரும் வெளிய வாங்க. வண்டியைத் தொடாம, நடந்து, தள்ளித் தள்ளிப் போங்க. இப்பவே."

சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லாரும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்கள். வரிசையாக இறங்கினார்கள்.

சரியாக அந்த நேரம் பார்த்து மார்லிஸின் தூண்டில் வளைந்தது. சின்ன வளைவல்ல, நுனி வாளிக்குள் போய்விட்டது.

"வால்ஐ மீனுடி! பெருசு! ஒரு நிமிஷம் பொறு."

"அக்கா, விடு."

"மூணு வருஷம் கழிச்சு வந்திருக்குடி. ஒரே நிமிஷம்."

சிக்னி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நூலை அறுத்தாள். தூண்டில் சட்டென்று நிமிர்ந்தது. மார்லிஸ் தங்கையின் முகத்தையே பார்த்தாள். வெர்லினும் கேலனும் அவளை மீன் இழுக்கும் சறுக்குப் பலகையில் உட்காரவைத்து, போர்வையைச் சுற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியெல்லாம் காலடியில் சளக் சளக் என்றது.

மனிதர்கள் தப்பியாயிற்று. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆனால் பிக்கப் வண்டியை விட்டுவிட்டு நிற்க எங்கள் ஆட்களால் முடியுமா? ஒருவன் ஓடினான். அவனைப் பார்த்து இன்னொருவன் ஓடினான். மார்லிஸை இறக்கிய கையோடு கேலனும் ஓடினான். இவ்வளவு நேரம் யார் முதலில் கிளம்புவதென்று தவித்தவர்கள் இப்போது ஒரே நேரத்தில் சாவியைத் திருப்பினார்கள். அத்தனை வண்டியும் சேர்ந்து நகர்ந்தால் அடியில் தண்ணீர் அலையடிக்கும். குழிந்த பனியை அது கீழிருந்து முட்டினால் அப்புறம் பேசுவதற்கே ஒன்றுமில்லை. சிக்னி இரண்டு கையையும் வீசிக் கத்தினாள். எஞ்சின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

"நிறுத்துங்க!"

அது சிக்னியின் குரல் அல்ல. சறுக்குப் பலகையில், போர்வைக்குள்ளிருந்து வந்தது.

"எஞ்சினை நிறுத்து! எல்லாரும்! கேலன், உன்னைத்தான் சொல்றேன்! கையை ஸ்டியரிங்ல இருந்து எடு!"

அந்தக் குரலுக்கு முன்னால் அவர்கள் யாரும் வளர்ந்தவர்கள் இல்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நரைத்த மீசைக்காரர்கள் திறந்த ஜன்னலுக்குப் பின்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள்.

"நான் பேரைச் சொன்னா அந்த வண்டி மட்டும் நகரணும். நடக்கற வேகம். முந்தினது சிக்னியைத் தாண்டற வரைக்கும் அடுத்தது அசையக் கூடாது. சிக்னி, யாரு முதல்ல?"

சிக்னி வெளிவட்டத்தில் நின்ற வண்டியை நோக்கிக் கையை நீட்டினாள். மார்லிஸ் பெயரைச் சொன்னாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. ஒருத்தி கையை நீட்ட, மற்றவள் கூப்பிட, வெளியிலிருந்து உள்ளாக ஒவ்வொரு வண்டியாக ஊர்ந்து போயிற்று. அஞ்சல்காரர் போகிற போக்கில் பழக்க தோஷத்தில் விடைபெறக் கையை ஆட்டினார்.

"கையை உள்ளே எடுய்யா! யாரும் யாருக்கும் டாட்டா சொல்ல வேண்டாம்!"

கடைசியாக வெர்லினின் முறை. கதவைத் திறந்துபோட்டபடி, டிரெய்லர் மாட்டிய வண்டியில் உட்கார்ந்தான். டிரெய்லரின் சக்கரம் சேற்றுப்பனியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, அப்புறம் பலகையிலிருந்து இறங்கியது. அடியில் எங்கோ ஒரு நீண்ட முனகல் புறப்பட்டு ஏரியின் மறுகரை வரை ஓடிற்று. அவன் வேகத்தைக் கூட்டவில்லை. கூட்டாதே கூட்டாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மார்லிஸின் முகத்தை மட்டும் பார்த்து ஓட்டினான். நல்ல பனிக்கு வந்து நின்ற பிறகுதான் தான் அழுவது அவனுக்குத் தெரிந்தது.

கரைக்கு வந்து சிக்னியின் தகரக் கொட்டகையில் மூவரும் உட்கார்ந்தார்கள். யாரும் காபியைத் தொடவில்லை.

"நான் தண்ணியை முன்னாடியே பார்த்துட்டேன்" என்றான் வெர்லின். "சொல்ல வாய் வரல. இவ சிரிச்சுக்கிட்டிருந்தா."

"தெரியும்" என்றாள் சிக்னி. "உன் மூஞ்சியிலயே எழுதியிருந்தது."

"இனிமே ஏரி இல்லை, அவ்வளவுதானே?" என்றாள் மார்லிஸ்.

"யாரு சொன்னா? டிரெய்லர் ஒண்ணும் தப்பு பண்ணல. பலகை தாங்குச்சு, அலாரம் வேலை செஞ்சது, இவன் ஒழுங்காத்தான் கட்டியிருக்கான். பைன் முனைக்கு அந்தப் பக்கம் நல்ல கனம் இருக்கு. நாளைக்கு நான் துளை போட்டுப் பார்த்து, சுத்தி வட்டமா கொடி நடறேன். கொடிக்கு உள்ளே உங்க வண்டியைத் தவிர ஒண்ணும் வரக் கூடாது. என் வண்டியும் கூடாது."

"எவ்வளவு தூரத்துல கொடி?"

"கால் மைல்."

மார்லிஸ் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அங்க யாருடி வருவா? நம்ம ஊர்ல தபால்பெட்டிக்கே வண்டியில போறவங்க. மீனுக்குத் துணையா உக்கார நான் எதுக்கு ஏரிக்குப் போகணும்? வீட்டு ஜன்னலே போதும்."

மறுநாள் விடிந்ததும் வெர்லின் ஏரிப்பக்கம் போய்ப் பார்த்தான். முகத்தை அறுக்கிற காற்றில் சிக்னி தனியாளாக, பைன் முனைக்கு அப்பால், பத்தடிக்கொரு துளை போட்டு அளந்துகொண்டிருந்தாள். அவளைப் போல இன்னொருத்தி இந்த மாநிலத்தில் உண்டா என்று நினைத்தான். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவாள். வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் சொன்னான்.

"ஒரே ஒரு சனிக்கிழமை" என்றாள் மார்லிஸ், வேண்டாவெறுப்பாக.

அந்தச் சனிக்கிழமை குளிர் முந்தைய வாரத்தைவிடக் கொடூரம். கொடிகளுக்கு நடுவே, பரந்த வெள்ளையில், டிரெய்லர் தன்னந்தனியாக நின்றது. காலையிலேயே மார்லிஸ் ஒரு நல்ல வால்ஐ மீனைப் பிடித்தாள். வெர்லின் ஆகா ஓகோ என்றான். அவள் அதைக் கொக்கியிலிருந்து கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் தாண்டிற்று. இவளை இங்கே இழுத்து வந்து இன்னும் நோகடித்துவிட்டேனே என்று வெர்லின் தன்னையே நொந்துகொண்டான்.

சாயங்காலம் வாளிக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று பார்த்துவிட்டு, நிமிர்ந்தவன் ஜன்னலைத் துடைத்தான். துடைத்த கை அப்படியே நின்றது.

"மார்லிஸ்."

"என்ன?"

நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவருகே நிறுத்திக் கதவைச் சற்றுத் திறந்தான். தூரத்தில் கொடி வரிசைக்கு வெளியே வண்டிகள் நின்றன, ஒன்றுக்கொன்று எட்டத்தில், ஒழுங்காக. கொடியருகே நின்ற ஒரு சின்ன உருவம், சிக்னிதான், ஒவ்வொருவரையும் நிறுத்தி, இடைவெளி விட்டு, உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. அவர்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் கேலன், எண்ணெய்ச் சட்டியைத் தோளில் சுமந்து, மூச்சு வாங்கி, நின்று நின்று வந்தான். பின்னால் அஞ்சல்காரர் குடும்பம். அதற்கும் பின்னால் ஆர்கன் கிழவி, இரண்டு கையிலும் ஆணி வைத்த தடி, காற்றுக்குத் தலையைக் கொடுத்து ஒவ்வொரு அடியாக. எல்லாருக்கும் கடைசியில் சிக்னியும் தன் பனிவண்டியை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

"கால் மைலா வெர்லின்?"

"கால் மைல்."

"இந்தக் குளிர்லயா?"

வெர்லின் காபிக் கெட்டிலை அடுப்பில் வைத்தான்.

மார்லிஸ் கண்ணைத் துடைக்கவில்லை. எட்டிக் கதவைப் பிடித்துச் சுவரோடு போய் இடிக்கும்படி அகலத் திறந்தாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த சூடெல்லாம் வெளியே போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டு, அவர்கள் வந்து சேரும் வரை அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.